லீ ஹுவாவின் பெயரில் எழுதியவர்கள்

லீ ஹுவா என்றொருவர் பிறக்கவே இல்லை. ஆனால் சீனாவில் பள்ளியில் ஆங்கிலம் படித்த யாரிடமும் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், உடனே தெரியும் என்பார்கள். கல்லூரி நுழைவுக்கான தேசியத் தேர்வை அங்கே காவ்காவ் என்பார்கள். அதன் ஆங்கிலத் தாளில் கட்டுரைக் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: உங்களை லீ ஹுவா என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வெளிநாட்டு நண்பர் சீன மொழி படிக்க விரும்புகிறார், அவருக்கு யோசனை சொல்லி எழுதுங்கள். அல்லது, பள்ளியில் ஒரு கண்காட்சி நடக்கிறது, அவரை அழைத்து எழுதுங்கள். லீ ஹுவா ஆணா பெண்ணா, எந்த ஊர், வீட்டில் யார் யார், ஒன்றையும் கேள்வித்தாள் சொல்லாது. எண்பது சொல் அளவில் ஒரு கடிதம், அவ்வளவுதான் தேவை.

காவ்காவ் வழக்கமாக ஜூன் 7ஆம் தேதி தொடங்கும். பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மதிப்பெண், அதில் ஆங்கிலத்துக்கு 150. 2024இல் 1 கோடியே 34 லட்சம் பேர் பதிவு செய்திருந்தார்கள். விடைத்தாளை ஸ்கேன் செய்து கணினித் திரையில்தான் திருத்துகிறார்கள். திரையில் கண்ணுக்கு இதமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே ஒரு கையெழுத்துப் பாணி பிறந்து நாடெங்கும் பரவியது. ஹெபெய் மாகாணத்தின் ஹெங்ஷுவெய் நகரத்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து வந்ததால் ஹெங்ஷுவெய் எழுத்து என்று பெயர். உருண்டையாக, அச்சடித்த மாதிரி, எல்லா எழுத்தும் ஒரே உயரத்தில் நிற்கும். என் முதல் வகுப்பில் வாங்கிய தாள்களை மேசைமேல் பரப்பியபோது எல்லாமே ஒரே கை எழுதியது போல இருந்தன. கருத்தும் அப்படித்தான் இருந்தது. என் மாணவர்கள் எழுதத் தெரியாதவர்கள் அல்ல. ஆறேழு வருடம் இன்னொருவர் பெயரில், படிக்கப்போகிறவர் யாரென்று தெரியாமலே எழுதிப் பழகியவர்கள். அவர்களைச் சொந்தப் பெயரில், தங்களுக்குத் தெரிந்த ஓர் ஆளுக்கு எழுத வைப்பதுதான் சீனாவில் நான் செய்த வேலை.

நான் இருந்தது ஹுனான் மாகாணத் தலைநகரான சாங்ஷாவில். இங்கிலாந்தில் மொழி கற்பித்தலில் முதுகலை முடித்திருந்ததால்தான் வேலை அனுமதி கிடைத்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டுக்காரர்களைத்தான் அங்கே முதலில் தேடுவார்கள். ஹுனான் மிளகாய்க்குப் பெயர்போன மாகாணம் என்பதால் சாப்பாட்டில் எனக்குச் சிரமமே இல்லை. காலையில் அரிசி நூடுல்ஸ், மேலே மிளகாய் எண்ணெய், அதோடு வகுப்புக்குப் போய்விடலாம். குளிர்தான் சிரமம். சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கே உள்ள ஊர்களில் குளிர்காலத்தில் கட்டடங்களுக்குப் பொது வெப்பமூட்டல் உண்டு. சாங்ஷா அந்தக் கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது. டிசம்பரில் ஈரக்குளிர் எலும்புக்குள் இறங்கும். மாணவர்கள் விரல்நுனி வெட்டிய கையுறையோடு, மடியில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு எழுதுவார்கள்.

சீனக் கல்லூரியில் ஒரு வகுப்பு என்பது நான்கு வருடமும் பிரியாத ஒரு கூட்டம். சேர்ந்தவுடன் ராணுவப் பயிற்சி, பிறகு ஒரே விடுதி, ஒரே கால அட்டவணை. வகுப்புத் தலைவர் ஒருவர், படிப்புக்குப் பொறுப்பானவர் ஒருவர் என்று ஆளுக்கொரு பொறுப்பு. நான் ஒரு அறிவிப்பு கொடுத்தால் எல்லா மாணவர்களின் கைபேசிக்கும் பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடும். வகுப்பில் கேள்வி கேட்டால் மட்டும் அமைதி. இதைப் பார்த்துவிட்டு, இவர்களுக்குச் சொந்தக் கருத்தே இல்லை என்று முடிவுகட்டிப் புத்தகம் எழுதிய வெளிநாட்டு ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் இடைவேளையில் அறையை விட்டு வெளியே போயிருக்க வேண்டும். நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளை முடிந்து மணி அடித்ததும் மேடையருகே வரிசை நிற்கும். வகுப்பு முழுதும் வாய் திறக்காத பெண் நோட்டில் குறித்துவைத்த நாலு கேள்வியோடு வந்து நிற்பாள். நாற்பது பேர் முன்னால் தவறாகப் பேசினால் அவமானம். நன்றாகப் பேசினாலும் தன்னை முன்னிறுத்திக்கொண்டது போலாகிவிடும். மேடையருகே அந்த இரண்டு பயமும் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தையும் பாடவேளையாகவே நான் எடுத்துக்கொண்டேன். தேநீர் குடிக்கப் போனதில்லை.

காலையில் ஏழு மணிக்கு வளாகத்தில் நடந்தால் மரத்தடியிலும் படிக்கட்டிலும் குளக்கரையிலும் மாணவர்கள் தனித்தனியாக நின்று உரக்க வாசித்துக்கொண்டிருப்பார்கள். பாதிப் பேர் கையில் எல். ஜி. அலெக்சாண்டரின் 'நியூ கான்செப்ட் இங்கிலீஷ்'. 1967இல் வெளியான பிரிட்டிஷ் பாடநூல். அதன் சில பாகங்களை முதலிலிருந்து கடைசிவரை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். வாய்ப்பாடும் செய்யுளும் ஒப்பித்து வளர்ந்தவர்கள் நாம். மனப்பாடத்தை எதிரியாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படிப் படித்தவர்களின் வாக்கியத்தில் ஒரு சீரான நடை இருந்தது, எங்கே நிறுத்தி மூச்சுவிட வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஆனால் நடை இருக்கிறதே தவிர, அந்த நடையில் எடுத்துச் செல்ல வேண்டிய சரக்கை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

முதல் பருவத்தில் வந்த கட்டுரைகளின் தொடக்கத்தை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். 'வித் தி டெவலப்மென்ட் ஆஃப் சொசைட்டி' என்று ஆரம்பிக்கும். 'ஆஸ் இஸ் நோன் டு ஆல்' என்று நகரும். 'எவ்ரி காயின் ஹாஸ் டூ சைட்ஸ்' என்று நடுவில் நிற்கும். 'லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்' வந்தால் முடியப்போகிறது என்று அர்த்தம். தலைப்பு கைபேசியாக இருக்கலாம், சுற்றுச்சூழலாக இருக்கலாம், பெற்றோர் பாசமாகக்கூட இருக்கலாம். கட்டடம் ஒன்றுதான். இது சோம்பேறித்தனம் இல்லை என்பதை மாணவர்களோடு பேசித்தான் புரிந்துகொண்டேன். உயர்நிலைப் பள்ளியில் இந்தத் தொடர்களைப் பட்டியலிட்டு, எதற்கு எவ்வளவு மதிப்பெண் கூடும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கல்லூரியிலும் கட்டுரையைப் போட்டால் கணினியே மதிப்பெண் தரும் தளங்களைப் பல துறைகள் பயன்படுத்தின. எளிய சொல்லை எடுத்துவிட்டு நீளமான சொல்லைப் போட்டால் எண் ஏறும். இரவெல்லாம் உட்கார்ந்து சொல்லை மாற்றி மாற்றி 78ஐ 86 ஆக்கிய மாணவனுக்கு, தான் எழுதியது யாருக்காவது புரிந்ததா என்ற கேள்வியே எழவில்லை. எழ வாய்ப்பும் இல்லை.

ஆங்கிலம் கற்பிக்கும் உலகத்தில் இதற்கு ஒரு பழைய விளக்கம் இருக்கிறது. 1966இல் ராபர்ட் காப்லன் என்ற அமெரிக்க மொழியியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். வெளிநாட்டு மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, ஒவ்வொரு பண்பாட்டின் சிந்தனையும் எப்படி நகர்கிறது என்று கோட்டுப்படம் போட்டார். ஆங்கிலம் நேர்கோடு. சீனமும் கொரியமும் அடங்கிய கீழைச் சிந்தனை சுருள்வட்டம், விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வரும், நேரே தொடாது. பின்னாளில் அவரே தன் கருத்தைத் தளர்த்திக்கொண்டார். ஆனாலும் அந்தப் படம் ஆசிரியர் பயிற்சிகளில் இன்னும் உயிரோடிருக்கிறது, நானும் அதைப் படித்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். என் அனுபவத்தில் அது தவறு. அந்த மாணவர்கள் கைபேசியில் தோழிக்கு அனுப்பும் செய்தியில் சுருளே கிடையாது. விடுதியில் தண்ணீர் வராவிட்டால் பொறுப்பாளருக்கு எழுதும் புகாரில் கிடையாது. தேர்வுத்தாளில் மட்டும்தான் சுற்றுகிறார்கள். அதுவும் சீனச் சிந்தனை சுற்றுவதால் அல்ல, எதையும் உறுதியாகச் சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று தேர்வு கற்றுக்கொடுத்திருப்பதால்.

இந்தப் பழக்கத்துக்கு அங்கே ஒரு நீண்ட முன்கதை உண்டு. சாங்ஷாவில் ஷியாங் ஆற்றுக்கு மேற்கே யுவேலு மலையடிவாரத்தில் 976இல் தொடங்கிய கல்விக்கூடம் இன்றும் நிற்கிறது. இப்போது ஹுனான் பல்கலைக்கழகத்தின் பகுதி. 1167இல் ஜு ஷி என்ற பேரறிஞர் அங்கே வந்து ஜாங் ஷி என்ற அறிஞரோடு விவாதம் நடத்தினார். கன்பூசிய நூல்களுக்கு ஜு ஷி எழுதிய உரைதான் பிற்பாடு அரசுத் தேர்வுக்குப் பாடமானது. மிங், சிங் காலத்து அரசுத் தேர்வில் 'எட்டுக்கால் கட்டுரை' என்ற வடிவம் இருந்தது. எட்டுப் பகுதி, ஒன்றுக்கொன்று இணையான வாக்கியங்கள். அதில் தேர்வு எழுதுபவர் தன் குரலில் பேசக்கூடாது, கன்பூசியஸோ மென்சியஸோ பேசுவது போல அந்த ஞானியின் குரலில் எழுத வேண்டும். தேர்வு முறையே 1905இல் ஒழிந்தது. யுவேலுவுக்கு மாணவர்களோடு ஒரு சனிக்கிழமை போனபோது இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். லீ ஹுவாவின் தாத்தா யாரென்று இப்போது தெரிகிறது என்றான் ஒருவன். அவன் அதுவரை வகுப்பில் எதுவும் சொல்லாதவன்.

அந்த வாக்கியத்திலிருந்துதான் என் பாடத்திட்டம் மாறியது. மேலைநாட்டு எழுத்துமுறையை எடுத்துவந்து புகட்டுவதை நிறுத்திக்கொண்டேன். அவர்கள் மரபிலேயே இந்தச் சண்டை நடந்து முடிந்திருக்கிறது. 1917 ஜனவரியில், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்த ஹூ ஷி, 'புதிய இளைஞன்' இதழில் இலக்கியச் சீர்திருத்தம் பற்றி எட்டு யோசனைகள் எழுதினார். சரக்கோடு எழுத வேண்டும், முன்னோரைப் போலச் செய்யக்கூடாது, தேய்ந்த தொடர்களை விட வேண்டும், நோயில்லாமல் முனகக்கூடாது என்பவை அவற்றில் சில. எல்லாரும் பள்ளியில் படித்தவைதான். அந்த எட்டையும் கரும்பலகையில் எழுதச் சொல்லிவிட்டு, அவரவர் ஆங்கிலக் கட்டுரையை எடுத்து வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடச் சொன்னேன். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. தாள்களில் கோடு விழுந்துகொண்டே இருந்தது.

அடுத்த வகுப்பில் ஜூ சிச்சிங் எழுதிய அப்பாவைப் பற்றிய கட்டுரையை நினைவுபடுத்தச் சொன்னேன். 1925இல் எழுதியது. படித்து மறந்தவர் அங்கே யாரும் இல்லை. மகனை ரயிலேற்ற வந்த தகப்பனார், புகோவ் நிலையத்தில், கனத்த உடம்போடு தண்டவாளத்தைக் கடந்து, எதிர் நடைமேடையில் கஷ்டப்பட்டு ஏறி, மகனுக்கு ஆரஞ்சுப்பழம் வாங்கிவருகிறார். உங்களுக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன். கறுப்புத் துணித்தொப்பி, தண்டவாளம், அவர் ஏறிய விதம், பழம். பாசத்தைப் பற்றி ஆசிரியர் என்ன விளக்கம் சொன்னார் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியவில்லை. இந்த வாரம் உங்கள் வீட்டுத் தண்டவாளத்தை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன். உங்களுக்குத் தெரிந்த, எனக்குத் தெரியாத ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

ஷியாங்தான் ஊர்க்காரப் பெண் ஒருத்தி பாக்கைப் பற்றி எழுதினாள். ஹுனானில் பாக்கு மெல்லும் பழக்கம் மிக அதிகம், அதிலும் ஷியாங்தானில் விருந்தாளிக்கு முதலில் நீட்டுவது பாக்குதான். விளைவது தெற்கே ஹைனான் தீவில், பதப்படுத்துவது ஹுனானில். வெற்றிலை கிடையாது. நாம் தூக்கிப்போடும் மட்டையைத்தான் சுண்ணாம்புக் கரைசல் தடவி, வாசனை சேர்த்து, பொட்டலம் போட்டு விற்கிறார்கள். அவளுடைய முதல் வரைவு, பாக்கு எங்கள் ஊரின் புகழ்பெற்ற பொருள், அதற்கு நீண்ட வரலாறு உண்டு, நாணயத்துக்கு இரண்டு பக்கம் இருப்பது போல அதிலும் நன்மை தீமை உண்டு என்று போனது. லீ ஹுவாவேதான். சிவப்பு மையால் ஒரு திருத்தமும் போடவில்லை. ஓரத்தில் பென்சிலால் நாலு கேள்வி எழுதினேன். உன் வீட்டில் யார் மெல்லுவார்கள்? பொட்டலம் எங்கே இருக்கும்? எங்கள் ஊரில் தாம்பூலத் தட்டில் பாக்கு வைத்துத்தான் கல்யாணம் பேசுவோம், உங்கள் ஊரில் எப்படி? வேண்டாம் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா?

இரண்டாவது வரைவு மூன்று பக்கம் வந்தது. அப்பா லாரி ஓட்டுகிறார். குவாங்டாங்குக்கு இரவுப் பயணம். தூக்கம் வராமல் இருக்கப் பாக்கு. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பொட்டலம், கீழே துப்பிய மட்டை நிறைந்த பிளாஸ்டிக் பாட்டில். வாயில் வெள்ளைத் திட்டு வந்திருக்கிறது, டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். அம்மா பொட்டலங்களை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறார், அப்பாவுக்கு அது தெரியும், ஆனாலும் எடுக்க மாட்டார், வழியில் புதிதாக வாங்கிக்கொள்வார். 2021 செப்டம்பரில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாக்கு விளம்பரத்தை அரசு தடைசெய்தபோது, இனி அப்பா நிறுத்திவிடுவார் என்று அம்மா நம்பினார் என்று கட்டுரை முடிந்தது. இலக்கணப் பிழைகள் இருந்தன. அதைப் படித்துவிட்டு வெகுநேரம் அடுத்த தாளை எடுக்க முடியவில்லை.

இலக்கணத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீன மொழியில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறாது. அவன், அவள் இரண்டுக்கும் பேச்சில் ஒரே ஒலி. அதனால் நன்றாகப் படிக்கும் மாணவர்கூட, பேசும்போது அம்மாவை 'ஹீ' என்பார், நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் சொல்வார். இது விதி தெரியாததால் வருவதில்லை. விதியைக் கேட்டால் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். நிறைய எழுதி, எழுதியதைத் தாங்களே உரக்க வாசிக்கும்போது தானாகக் குறைகிறது. கடைசி வரைவில்தான் பிழை திருத்தினேன். முதல் வரைவிலேயே திருத்தினால் பிழை இல்லாத வெற்றுத்தாள் கிடைக்கும்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துக் கருத்துச் சொல்ல வைப்பது மேலைநாட்டு வகுப்பறைகளில் சாதாரணம். அங்கே அது முதலில் நடக்கவே இல்லை. நாலு வருடம் ஒரே அறையில் படுத்துறங்க வேண்டிய தோழியின் கட்டுரையில் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? மிக நன்று, கையெழுத்து அழகு என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கருத்து வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம், படித்தபோது உனக்குத் தெரிந்துகொள்ளத் தோன்றிய இரண்டு விஷயத்தைக் கேள்வியாக மட்டும் எழுது என்று மாற்றினேன். குறை சொல்வது அவமதிப்பு. கேள்வி கேட்பது அக்கறை. மரியாதை குலையாமல் வேலை நடந்தது. விடுதியில் பதினோரு மணிக்கு விளக்கணைத்த பிறகும் அந்தக் கேள்விகளைப் பற்றிப் பேச்சு தொடர்ந்தது என்று வகுப்புத் தலைவி சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

இப்படி எழுதத் திறந்துவிட்டால் எல்லாமும் வரும் என்பதற்கு ஆசிரியர் தயாராக இருக்க வேண்டும். என் மாணவர்களில் பலர் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர்கள். பெற்றோர் குவாங்டாங் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டு, வசந்தவிழாவுக்கு மட்டும் ரயிலேறி வருவார்கள். ஒருத்தி, ஏழு வயதுவரை பெற்ற தாயைச் சித்தி என்று கூப்பிட்டு வளர்ந்ததை எழுதினாள். 2015 முடிய இருந்த ஒரு குழந்தைக் கட்டுப்பாட்டில் இரண்டாவதாகப் பிறந்தவள். அபராதத்துக்குப் பயந்து பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். அந்தத் தாளின் ஓரத்தில் நான் கேள்வி எழுதவில்லை. படித்தேன், நன்றாக எழுதியிருக்கிறாய், இது நம் இருவரோடு இருக்கட்டும் என்று எழுதி, கையிலேயே கொடுத்தேன். எழுத்துப் பயிற்சி என்ற பெயரில் பிள்ளைகளின் அந்தரங்கத்தைத் தோண்டி, வகுப்பில் வாசித்துக் கைதட்டு வாங்கும் ஆசிரியர்களை எல்லா நாட்டிலும் பார்க்கிறேன். அது கூடாது. எதை எழுதலாம் என்பதை மாணவர்தான் முடிவு செய்ய வேண்டும், அதை யார் படிக்கலாம் என்பதையும்.

இந்தக் கட்டுரைகளில் வந்த ஒரு நடைமுறைச் சிக்கலில் நான் தமிழ் பேசுபவன் என்பது உதவியது. அப்பாவைப் பெற்ற பாட்டி, அம்மாவைப் பெற்ற பாட்டி, பெரியப்பா மகள், மாமன் மகள் எல்லாருக்கும் அவர்களிடம் தனித்தனி உறவுமுறை உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது எல்லாரையும் ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுவார்கள், கதையில் யார் யாரென்று குழம்பும். அப்பாவைப் பெற்ற பாட்டியை உங்கள் சொல்லில் நாய்நாய் என்றே எழுது, முதல் தடவை மட்டும் யாரென்று ஒரு வரியில் சொல்லிவிடு, படிப்பவர் பின்னால் வருவார் என்றேன். எங்கள் ஊரில் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றதும் அவர்களுக்குத் தைரியம் வந்தது.

ஆங்கிலம் சிறப்புப் பாடமாக எடுத்தவர்களுக்கு, ஆங்கிலம் பேசும் நாடுகளைப் பற்றி ஒரு தனிப் பாடமும் உண்டு. பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று போகும். ஆறுகள், மன்னர்கள், பாராளுமன்றம், பண்டிகைகள். தேர்வுக்கு அதையே மனப்பாடம் செய்ய வேண்டும். அதை நடத்த வந்தவன் அந்தப் பட்டியலில் இல்லாத நாட்டுக்காரன். உங்கள் வீட்டில் ஆங்கிலமா பேசுவீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். இல்லை, தமிழ் பேசுவோம், ஆங்கிலத்தை உங்களைப் போலப் பள்ளியில் படித்தேன் என்றேன். அந்தப் பதிலால் என் மதிப்பு குறையும் என்று அலுவலகத்தில் ஒருவர் கவலைப்பட்டார். நடந்தது வேறு. மேடையருகே நிற்கும் வரிசை நீண்டது. பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுபவரிடம் அவர்கள் கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகளை என்னிடம் கேட்டார்கள்: எத்தனை வயதில் பயம் போனது, எந்த ஒலி கடைசியாக வந்தது, கனவு எந்த மொழியில் வருகிறது.

அந்தப் பாடத்தில் அவர்களை மிகவும் ஈர்த்தது பாடநூலில் இல்லாத ஒரு கதை. 1937இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பெய்ஜிங்கிலும் தியான்ஜினிலும் இருந்த மூன்று பல்கலைக்கழகங்கள் இடம்பெயர்ந்து சாங்ஷாவில் தற்காலிகப் பல்கலைக்கழகமாகக் கூடின. கலைப்பிரிவு நான்யுவே மலையில் நடந்தது. அங்கே ஆங்கிலம் நடத்த வந்தவர் வில்லியம் எம்ப்சன் என்ற இளம் ஆங்கிலக் கவிஞர், விமர்சகர். புத்தகம் எதுவும் வந்து சேரவில்லை. நினைவில் இருந்த கவிதைகளைக் கொண்டே அவர் பாடம் நடத்தினார். அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் குன்மிங்குக்கு நகர்ந்தபோது மாணவர்களில் ஒரு பகுதியினர் நடந்தே போனார்கள். தங்கள் மாகாணத்து மலையில் இது நடந்தது என்று என் மாணவர்களுக்குத் தெரியாது. நான்யுவே பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் தன் கொள்ளுத்தாத்தாவின் ஊரில் அந்தக் காலத்தைப் பற்றி முதியவர்களிடம் கேட்டு எழுதினான்.

தேர்வுகளை நான் பழிக்கவில்லை. பொது மாணவர்கள் எழுதும் சி.இ.டி. 4 என்ற ஆங்கிலத் தேர்வு 1987இலிருந்து நடக்கிறது. ஜூனிலும் டிசம்பரிலும் வரும். மொத்தம் 710, அதில் 425 எடுத்தால் தேறியதாகக் கொள்வார்கள். கேட்டல் பகுதி வளாக வானொலியில் ஒலிபரப்பாகும், ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஒரே நேரத்தில் தலைக்கு ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருப்பார்கள். கட்டுரைக்கு அரைமணி நேரம், நூற்று இருபது சொல். அந்தச் சான்றிதழ் இல்லாமல் பல நிறுவனங்கள் விண்ணப்பத்தையே தொடுவதில்லை. நெல் நட்டு மகளைப் படிக்கவைத்தவர் வீட்டுப் பெண்ணிடம் போய், தேர்வை மறந்துவிட்டு உன் குரலைத் தேடு என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. தேர்வுக்கு முந்தைய மாதம் தேர்வுக் கட்டுரைதான் நடத்துவேன், அதையும் முழு மனதோடு. ஒன்றை மட்டும் சேர்ப்பேன்: நடுப்பத்தியில் உன் வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு விவரம் வரட்டும். பாக்கைப் பற்றி எழுதியவள் தேர்வில் சாலைப் பாதுகாப்பு பற்றிய கட்டுரையில் இரவு லாரியைக் கொண்டுவந்தாள். நல்ல மதிப்பெண் வாங்கினாள்.

2023க்குப் பிறகு வேலை மாறிவிட்டது. எழுதித் தரும் செயலிகள் எல்லார் கையிலும் வந்தன, சீனாவிலேயே உருவான டோவ்பாவ், டீப்சீக் இரண்டும் இலவசம். பிழையே இல்லாத, வழவழப்பான கட்டுரைகள் குவிந்தன. சக ஆசிரியர்கள் சிலர் பிடிப்பதற்கு மென்பொருள் தேடினார்கள். நான் அதில் இறங்கவில்லை. அந்தக் கட்டுரைகளைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் எழவில்லை, ஏனென்றால் அவை எனக்குப் பழக்கமானவை. லீ ஹுவாவின் கடிதத்தை இயந்திரம் பிரமாதமாக எழுதுகிறது. யாரென்றே தெரியாதவர், யாரென்றே தெரியாதவருக்கு எழுதும் கடிதத்தை எழுத மனிதப்பிள்ளை தேவையில்லை. ஸ்டியரிங் பக்கத்துப் பாட்டிலும் அரிசிப் பானைக்குள் ஒளித்த பொட்டலமும் அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. அதனால் முதல் வரைவை வகுப்பிலேயே, கையால், என் கண் முன்னால் எழுத வைத்தேன். பிறகு செயலியைப் பயன்படுத்தி மொழியைச் சரிபார்க்க விரும்பினால் பார்க்கலாம், இரண்டு தாளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் செயலி தந்ததிலிருந்து இலக்கணத்தை எடுத்துக்கொண்டு, வாக்கியத்தைத் தங்களுடையதாகவே வைத்துக்கொண்டார்கள். அது என்னை மாற்றி எழுதிவிட்டது என்று ஒருவன் புகார் சொன்னான். எழுதக் கற்பிக்கும் ஆசிரியருக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது.

காவ்காவ் கேள்வித்தாள் தயாரிப்பவர்களும் ஓரளவு நகர்ந்திருக்கிறார்கள். புதிய முறையில் கடிதத்தோடு, முடிவைச் சொல்லாத ஒரு கதையைக் கொடுத்து நூற்றைம்பது சொல்லில் தொடர்ந்து எழுதச் சொல்கிறார்கள். ஹுனானில் 2021இல் வந்துவிட்டது. கடிதத்துக்கு 15 மதிப்பெண், கதைக்கு 25. அது நல்ல மாற்றம், ஆனால் போதாது. அதற்கும் இப்போது மனப்பாடத் தொடர்கள் கடையில் விற்கின்றன. மாணவனின் சொந்தப் பெயரில், சொந்த ஊரைப் பற்றி ஒரு கேள்வி வரும்வரை கல்லூரி முதலாண்டு ஆசிரியர்கள் இந்த வேலையை முதலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

அங்கே போய்க் கற்பிக்கலாமா என்று கேட்டு எழுதும் தமிழ் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். பட்டச் சான்றிதழ்களை முறையாக அத்தாட்சி வாங்கி வையுங்கள், இந்தியக் கடவுச்சீட்டோடு வேலை அனுமதி எளிதில் கிடைக்காது. கிடைத்துப் போனால், முதல் வாரமே மாணவர்களின் சீனப் பெயர்களைச் சரியான ஒலியோடு படித்துக்கொள்ளுங்கள், ஆங்கிலப் பெயர் சூட்டாதீர்கள். இடைவேளையில் மேடையை விட்டு நகராதீர்கள். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது மதிப்பெண்ணுக்கு முன்னால் ஒரு கேள்வியை எழுதிக் கொடுங்கள். அடுத்த வாரம் பதில் வரும்.